ரோதையும் சுற்றும்: பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் எஞ்சின் வேகத்தின் எல்லை

மலையகப் பெருந்தோட்டங்களின் வரலாற்றை ஆராய்ந்தோர் கோப்பியின் வீழ்ச்சி, தேயிலையின் எழுச்சி, தென்னிந்தியத் தொழிலாளரின் வருகை, 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், தொழிற்சங்க இயக்கம் ஆகியன பற்றி விரிவாக எழுதியுள்ளனர். அத்தோட்டங்களிற் சுழன்ற பொறிகளுக்கு அத்தகைய கவனம் கிட்டவில்லை எனலாம். பொறி என்பது பொறியியற் பீடத்தாரின் விடயம்; கலைப்பீடத்து மாணவனுக்கு அதில் என்ன அலுவல் என்று கேட்போரும் உளர். ஆயினும் பொறியைச் சூழ்ந்து மனிதரிடையே வளரும் வழக்கங்களும், அச்சங்களும், வாய்மொழி விதிகளும் வரலாற்றின் பாற்பட்டனவே. அவற்றுள் ஒன்றையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது.

பழைய வானொன்றின் எஞ்சினை எவ்வளவு வேகமாகச் சுழலவிடலாம்? சமவெளியில் வாழ்பவருக்கு இது பழுதுபார்க்கும் செலவு பற்றிய வினா. பொகவந்தலாவையில் வாழ்பவருக்கோ இது மலையிலிருந்து உயிருடன் இறங்குதல் பற்றிய வினா. இவ்விரண்டுக்கும் இடையிலான தொடர்பு எவ்வாறு ஏற்பட்டது என்பதையும், நம் சாரதிகள் பரம்பரையாகக் கைக்கொண்டுவந்த விதியொன்று காலப்போக்கில் எவ்வாறு பொய்த்துப்போயிற்று என்பதையும் காண்பதே எமது நோக்கம்.

அட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகச் செல்லும் வீதி கெஹெல்கமு ஓயாவின் பள்ளத்தாக்கைத் தொடர்ந்து பொகவந்தலாவையை அடைகின்றது. இப்பகுதி கோப்பிக் காலத்தின் பிற்பகுதியிலேயே பயிர்ச்செய்கைக்குத் திறக்கப்பட்டது. இலைத்துரு நோய் 1869இல் இலங்கையிற் கண்டறியப்பட்ட பின்னர் கோப்பி படிப்படியாக அழிந்து, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. புகழ்பெற்ற ஆங்கிலேய நிழற்படக் கலைஞரான யூலியா மார்கிரெற் கமரொன் அம்மையார் 1879ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் டிக்கோயாவில் இறந்து, பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டார். அப்பொழுது இப்பள்ளத்தாக்குக்குப் புகைவண்டி வரவில்லை. 1884இலேயே இருப்புப்பாதை அட்டனை எட்டியது. அதற்கு முன்னர் மலையேறியவை யாவும் மாட்டினாலும் குதிரையினாலும் மனிதத் தோளினாலும் ஏறியவையே. அவற்றின் வேகத்துக்கு எல்லை விதிக்க எவரும் தேவைப்படவில்லை, மூச்சே எல்லையாயிற்று.

வேகத்தின் எல்லை என்னும் எண்ணம் இப்பள்ளத்தாக்கினுள் தேயிலைத் தொழிற்சாலையின் வழியாகவே நுழைந்தது. கொழுந்தை உருட்டும் பொறியை வில்லியம் யக்சன் 1870களில் அசாமில் உருவாக்கினார். காயவைக்கும் 'சிறொக்கோ' பொறியை சாமுவேல் டேவிட்சன் வடிவமைத்து பெல்பாஸ்ற் நகரிலிருந்து அனுப்பினார். இவற்றை நீர்ச்சில்லோ, சுழலியோ, நீராவி எஞ்சினோ, பின்னர் எண்ணெய் எஞ்சினோ இயக்கியது. தொழிற்சாலையின் நீளத்துக்கு ஒரு தண்டு. அதிலிருந்து ஒவ்வொரு பொறிக்கும் ஒரு தோற்பட்டி. உருட்டும் பொறி நிமிடத்துக்கு ஏறத்தாழ நாற்பது, நாற்பத்தைந்து சுற்றுகளே சுழல வேண்டும். அதனை மீறினால் கொழுந்து சூடேறி நிறமும் மணமும் கெடும். ஒரு பொறியின் பட்டியைக் கழற்றினால் சுமை குறைந்து மற்றைய பொறிகள் யாவும் விரைவெடுக்கும். ஆகவே சுமை கூடினும் குறையினும் எஞ்சினின் சுழற்சியை ஒரே அளவில் நிறுத்தும் கருவியொன்று இன்றியமையாததாயிற்று.

அக்கருவியே கவர்னர் எனப்படுவது. காற்றாலைகளிற் பயன்பட்டுவந்த இதனை யேம்ஸ் வாற் 1788இல் நீராவி எஞ்சினுக்கு அமைத்தார். சுழலும் தண்டொன்றில் இரண்டு உலோகக் குண்டுகள் தொங்கும். வேகம் கூடும்போது அவை வெளிநோக்கி எழும். அவ்வெழுச்சி நீராவி செல்லும் வழியை ஒடுக்கும். வேகம் தணிந்ததும் குண்டுகள் தாழ்ந்து வழியைத் திறந்துவிடும். 1868இல் யேம்ஸ் கிளாக் மக்ஸ்வெல் இதன் இயக்கத்தைக் கணித முறையில் ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். தீவை ஆண்ட தேசாதிபதியையும் ஆங்கிலத்தில் இதே சொல்லால் அழைத்தனர் என்பதை நினைக்கச் சற்றே நகைப்புத் தோன்றுகின்றது. கொழும்பில் ஒருவர், தொழிற்சாலையில் ஒருவர். இருவரும் குண்டு வைத்திருந்தனர்.

தொழிலாளர் தமக்கே உரிய முறையில் இவ்வேகத்துக்கு ஒரு தலைவனை ஏற்படுத்திக்கொண்டனர். சில்லைத் தோட்டத்து மக்கள் ரோதை என்பர். சிங்களத்தின் வழியே வந்த சொல் அது. தொழிற்சாலைச் சில்லுகளில் உறையும் தெய்வமாக ரோதைமுனியை அவர்கள் வழிபட்டனர். பொறியிற் கையகப்பட்டு விரலையும் கையையும் இழந்தோரைக் கண்டவர்கள், சுழல்வதற்கு ஓர் எல்லை உண்டு, அதனைக் காப்பதற்கு ஒரு காவல் வேண்டும் என்று உணர்ந்தமையின் வெளிப்பாடாகவே இதனைக் கொள்ளத் தோன்றுகின்றது. வாற் கண்ட கருவிக்கும் ரோதைமுனிக்கும் அலுவல் ஒன்றே என்று சொன்னால் அது மிகையாகாது.

இனி வீதிக்கு வருவோம். மோட்டார் வாகனம் மலைக்கு வந்தபோது எஞ்சின் முதன்முறையாகத் தொழிற்சாலையை விட்டு வெளியேறியது. ஆனால் கவர்னர் உடன்வரவில்லை. பெற்றோல் எஞ்சினுக்குள் காற்றும் எரிபொருளும் செல்லும் வழியைச் சாரதியின் வலது கால் திறந்து மூடியது. அக்கால்தான் கவர்னர். எவ்வளவு சுழல்கின்றது என்பதைக் காட்டும் மானியும் சாதாரண வான்களில் இருக்கவில்லை. வீதியில் ஓடும் வேகத்தைக் காட்டும் மானியே இருந்தது. எஞ்சினின் சுற்றை அறியச் சாரதிக்கு இருந்த ஒரே கருவி அவனது காது.

அக்காது எத்தகைய எஞ்சின்களிற் பழகியது என்பதை இங்கு நோக்குதல் வேண்டும். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்திலும் அதன் பின்னர் பல ஆண்டுகளும் நம் வீதிகளில் ஓடிய சிறிய வாகனங்களுட் பெரும்பாலானவை பிரித்தானியாவிற் செய்யப்பட்டவை. மொறிஸ், ஒஸ்ரின், பெட்போட் முதலிய பெயர்கள் மலையகத்து முதியோர் நாவில் இன்றும் உண்டு. இவற்றின் எஞ்சின்களுக்கு ஒரு தனி இயல்பு இருந்தது. உருளையின் அகலம் குறைவு. உள்ளே ஏறி இறங்கும் முசலத்தின், அதாவது பட்டறையிற் பிஸ்டன் எனப்படுவதன், ஓட்டம் நீளம். இதற்குக் காரணம் பொறியியல் அன்று, வரியே. பிரித்தானியாவில் 1921ஆம் ஆண்டு முதல் கார்களுக்குக் குதிரைவலுவொன்றுக்கு ஒரு பவுண் வீதம் ஆண்டுவரி விதிக்கப்பட்டது. அக்குதிரைவலு எஞ்சினை இயக்கி அளக்கப்பட்டதன்று. உருளையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, அதனை வர்க்கித்து, உருளைகளின் எண்ணிக்கையாற் பெருக்கி, இரண்டரையால் வகுத்துப் பெறப்பட்டது. முசலத்தின் ஓட்டம் கணக்கிற் சேரவில்லை. எனவே உருளையை ஒடுக்கி ஓட்டத்தை நீட்டினால் வரி கூடாமலே எஞ்சின் பெரிதாகும். உற்பத்தியாளர் அவ்வாறே செய்தனர். வான்களுக்கு வரிமுறை வேறாயினும், சிறிய வான்களின் எஞ்சின்கள் கார்களுக்காக வார்க்கப்பட்டவையே.

ஓர் எடுத்துக்காட்டு. மொறிஸ் எயிற் காரிலும், அதன் வழிவந்த சிறிய வானிலும், 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனரின் முதற் பதிப்பிலும் இருந்தது 918 கன சென்ரிமீற்றர் எஞ்சின். உருளையின் விட்டம் 57 மில்லிமீற்றர். ஓட்டம் 90 மில்லிமீற்றர். மேற்சொன்ன சூத்திரத்தில் இட்டால் நான்கு உருளைகளுக்கும் எட்டுக் குதிரைவலு வரும். காரின் பெயரிலுள்ள எட்டும் அதுவே. அச்சூத்திரம் முசலம் நிமிடத்துக்கு ஆயிரம் அடி ஓடும் என்னும் கருதுகோளின்மீது எழுப்பப்பட்டது. இவ்வெஞ்சினில் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 1700 சுற்றாகும். மைனரிலோ அது தன் முழு வலுவை 4400 சுற்றிற் கொடுத்தது. அப்போது முசலம் சராசரியாக வினாடிக்கு 13 மீற்றருக்கு மேல் ஓடும். 1948இலிருந்து பிரித்தானியாவிற் புதிய கார்களுக்கு ஒரே சீரான வரி வந்தது. எனினும் வரியின் நிழல் எஞ்சின்களை விட்டு உடனே அகலவில்லை. வார்ப்புகள் இலகுவில் மாறுவனவல்ல.

சுழற்சி கூடும்போது எஞ்சினுள் நிகழ்வது என்ன என்பதைச் சுருக்கமாகக் கூறலாம். முசலம் ஒவ்வொரு முறையும் மேலேறி நின்று திரும்ப வேண்டும். அதனை நிறுத்தித் திருப்பும் விசையை இணைக்கும் தண்டும், அதன் போல்ற்றுகளும், தாங்கிகளும் ஏற்கின்றன. இவ்விசை சுழற்சியின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் உயரும். 4000 சுற்றிலிருந்து 5000 சுற்றுக்குச் சென்றால் வேகம் காற்பங்கே கூடிற்று. விசையோ பாதிக்கும் மேலாகக் கூடிவிட்டது. வால்வுகளை மூடும் வில்சுருள்களும் ஒரு கட்டத்துக்கு மேல் ஈடுகொடுக்கமாட்டா. வால்வு மூடுவதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும். போருக்கு முந்திய எஞ்சின்களில் தாங்கிகள் வெள்ளை உலோகத்தை உருக்கி ஊற்றிச் செய்யப்பட்டவை. மிகைச் சுழற்சியும் வெப்பமும் சேர்ந்தால் அவை உருகி வழிந்துவிடும். 'பெயாரிங் போயிற்று' என்னும் தொடர் ஒரு குடும்பத்தின் பிழைப்பே போயிற்று என்ற பொருளில் ஒலித்த காலம் அது.

அதே காலத்தில் வேறொரு வழியிற் சிந்தித்தவர் பேர்டினன்ட் போர்ஷே. அவரது வொக்ஸ்வாகன் எஞ்சின் உருளையால் அகன்று ஓட்டத்தாற் குறுகியது. 64 மில்லிமீற்றரே ஓட்டம். காற்று உட்செல்லும் வழியையும் அவர் ஒடுக்கமாக அமைத்தார். எவ்வளவு மிதித்தாலும் எஞ்சின் தன்னையே அழித்துக்கொள்ளும் அளவுக்கு மூச்சு வாங்க முடியாது. ஜேர்மனியின் நெடுஞ்சாலைகளில் முழு வேகத்திலேயே மணிக்கணக்கில் ஓடலாம் என்பது நோக்கம். கவர்னரைத் தனியே பொருத்தாமல் எஞ்சினின் மூக்கிலேயே பொருத்தினார் எனலாம். அத்துடன் வேகமானியின் முகத்தில் ஒவ்வொரு கியருக்கும் எல்லையெனச் சிறு சிவப்புக் குறிகள் இடப்பட்டிருந்தன. சாரதியின் காதை மட்டும் நம்பாத ஏற்பாடு இது. இதனை மீண்டும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

1960களிலும் 1970களிலும் இலங்கையில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு காரணமாக வாகன இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. இருந்த வாகனங்களையே மீண்டும் மீண்டும் திருத்தி ஓட்டினர். உருளையைக் கடைந்து பெருப்பித்து, வால்வைத் தேய்த்து இருக்கையமர்த்தி, கிடைக்காத பாகத்தைக் கடைச்சற் பட்டறையிற் செய்து பொருத்தினர். இருபது, முப்பது வயதான எஞ்சினுக்கு எல்லை எது என்பதை எந்தக் கையேடும் சொல்லமாட்டாது. ஆகவே சாரதிகள் தாமே விதி வகுத்தனர். எஞ்சினைக் கத்தவிடாதே என்பது முதல் விதி. ஏறிய கியரிலேயே இறங்கு என்பது இரண்டாவது.

இரண்டாவது விதியின் நுட்பம் வியக்கத்தக்கது. சரிவொன்றில் ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ, இறங்குவதற்கும் அதே கியரைப் போடு என்பது அதன் பொருள். நாற்பது குதிரைவலுவும் இல்லாத முதிய எஞ்சின் தோட்டத்து மேற்பிரிவுக்கு ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு இரண்டாம் கியரில், சில வளைவுகளில் முதலாம் கியரில் தவழ்ந்தே ஏறும். எனவே அது இரண்டாம், முதலாம் கியரிலேயே இறங்கிற்று. இறங்கும்போது சில்லுகள் எஞ்சினைச் சுழற்றும். எஞ்சின் அதற்குத் தடைகொடுத்து வாகனத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறேக்குக்கு அதிக வேலையில்லை. முதல் விதி எஞ்சினைக் காத்தது. இரண்டாவது விதி ஆட்களைக் காத்தது. எஞ்சின் வலுவற்றதாய் இருந்தவரையில் இரண்டும் ஒன்றோடொன்று முரணாமல் வாழ்ந்தன. லயத்துக் காம்பராவிற் படுத்தவாறே வெளியே செல்லும் வான் எந்தக் கியரில், யாருடைய காலின்கீழ் ஏறுகின்றது என்று சொல்லத்தக்க முதியோர் தோட்டங்களில் இருந்தனர். சிறுவர்களாகிய நாம் அதனை ஒரு வித்தையாகவே கருதினோம்.

1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்தது. அடுத்த பத்தாண்டுகளில் ஜப்பானில் ஓடிப் பழகிய வான்கள் கப்பல் கப்பலாக வந்திறங்கின. டொயோட்டா ஹையேஸ், நிசான் கரவன், மிற்சுபிஷி டெலிக்கா என்பன தோட்டத்துக் குழந்தைகளும் அறிந்த பெயர்களாயின. ஹையேசின் ஒரு தலைமுறை 'ஷெல்' என்றும் மற்றொன்று 'டொல்பின்' என்றும் நம் நாட்டிலேயே பெயர்சூட்டப்பெற்றன. டீசலின் விலை பெற்றோலிலும் குறைவாயிருந்தமையால் டீசல் வான்களே பெரிதும் விரும்பப்பட்டன. டீசற் பேருந்துகளும் லொறிகளும் முன்னரே ஓடின. 1958 சனவரி முதலாந் திகதி தோன்றிய இலங்கைப் போக்குவரத்துச் சபையின் வண்டிகளை மலையகம் நன்கறியும். ஆனால் சாதாரண மனிதன் தன் பிழைப்புக்காக வாங்கி ஓட்டும் சிறு வானுக்குள் டீசல் பெருவழக்காயது இக்காலத்திலேயே.

டீசலோடு கவர்னரும் திரும்பி வந்தது. டீசல் எஞ்சினுக்குள் காற்று தடையின்றிச் செல்லும். எரிபொருளின் அளவே வேகத்தை நிர்ணயிக்கும். எரிபொருளைத் தடுக்க எதுவும் இல்லாவிடில் சுமையற்ற எஞ்சின் தன்னைத் தானே உடைத்துக்கொள்ளும்வரை விரையும். ஆதலால் எரிபொருட் பம்பினுள்ளேயே கவர்னர் ஒன்று அடங்கியிருக்கும். டொயோட்டாவின் 'எல்' வகை 2.2 லீற்றர் எஞ்சினில் முசல ஓட்டம் 86 மில்லிமீற்றர். முழு வலு 4200 சுற்றில். அதில் முசலம் வினாடிக்கு ஏறத்தாழ 12 மீற்றர் ஓடும். பின்வந்த 'இரண்டு எல்' எஞ்சினில் ஓட்டம் 92 மில்லிமீற்றர். அதே 4200 சுற்றில் ஏறத்தாழ 13 மீற்றர். பழைய மொறிசின் கணக்கோடு இதனை ஒப்பிட்டால் வியப்பாயிருக்கும். வரியும் நாடும் எரிபொருளும் மாறின. முசலத்தின் வேக எல்லை மட்டும் அதே அயலில் நின்றது. உலோகத்தின் பொறுமைக்கு நாடில்லை போலும்.

ஆயின் வாற் காலத்திலிருந்தே கவர்னருக்கு ஒரு குறை உண்டு. அது எஞ்சினுக்குச் செல்லும் உணவை மட்டுமே கட்டுப்படுத்தும். இறக்கத்தில் எஞ்சினைச் சுழற்றுவது எரிபொருள் அன்று, மலை. கவர்னர் எரிபொருளை முற்றாக நிறுத்திய பின்னரும், தாழ்ந்த கியரிற் சில்லுகள் எஞ்சினை எல்லைக்கு அப்பால் இழுத்துச் செல்லும். தொழிற்சாலையில் இந்நிலை எழவில்லை. தொழிற்சாலை சரிவில் உருள்வதில்லை. வீதியில் மட்டும், அதுவும் மலைவீதியில் மட்டும், கவர்னரின் ஆட்சி முடிந்து மீண்டும் மனிதனின் ஆட்சி தொடங்குகின்றது.

ஒரு வானை எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். சில்லின் சுற்றளவு 2 மீற்றர், பின்னச்சின் பல்விகிதம் 4.1, முதலாம் கியர் 4, இரண்டாம் கியர் 2.3, மூன்றாம் கியர் 1.4 என்று கொள்வோம். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் சில்லு நிமிடத்துக்கு 333 முறை சுழலும். மூன்றாம் கியரில் எஞ்சின் ஏறத்தாழ 1900 சுற்று. இரண்டாம் கியரில் ஏறத்தாழ 3150. முதலாம் கியரில் ஏறத்தாழ 5450. வானின் எல்லை 4200 எனின், இரண்டாம் கியர் எல்லைக்குள் பத்திரமாக நிற்கின்றது; முதலாம் கியர் எல்லையை வெகுவாகக் கடக்கின்றது. அந்த 5450 சுற்றில் உள்விசை 4200இல் உள்ளதைக் காட்டிலும் நூற்றுக்கு ஏறத்தாழ எழுபது அதிகம். இறக்கத்தில் பதற்றமுற்றுத் தவறுதலாக முதலாம் கியரைத் திணித்தவர் எஞ்சினை உடைப்பது இதனாலேயே.

இப்பொழுது முதல் விதியின் விபரீதத்தைக் காணலாம். 3150 சுற்றில் முதிய டீசல் எஞ்சின் ஓங்கி ஒலிக்கும். மொறிசின் தாங்கிகளுக்காகப் பழகிய காது, அல்லது அக்காதினரிடம் பயின்ற காது, அதனை அபாயமென்றே கேட்கும். சாரதி உடனே மூன்றாம் கியருக்கு மாற்றுவார். ஒலி அடங்கும். ஆனால் எஞ்சினின் பிடியும் தளரும்; பல்விகிதம் 2.3இலிருந்து 1.4 ஆனதோடு எஞ்சினும் மெதுவாகச் சுழல்வதால் உராய்வும் குறைகின்றது. மிச்சத்தைப் பிறேக்கே தாங்க வேண்டும். ஆட்களுடன் இரண்டு தொன் எடையுள்ள வான் நூறு மீற்றர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஆறு லீற்றர் குளிர்நீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. அவ்வெப்பம் முழுவதும் நான்கு சில்லுகளின் பிறேக்குகளுக்குள் ஏறுவதாக நினைத்துப் பாருங்கள். பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. 'டொட் மூன்று' என்னும் தரத்திலான புதிய எண்ணெய் 205 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பத்திற் கொதிக்கும். ஈரமேறிய பின்னர் அந்த அளவு 140 வரை இறங்கலாம். மழையும் மூடுபனியும் ஓயாத நம் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கணக்கில் மாற்றப்படாத எண்ணெயின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய் கொதித்து ஆவியானால் மிதி வெறுமையாகத் தரைவரை செல்லும். எரிபொருளை மிச்சம்பிடிக்கவெனக் கியரைக் கழற்றி நியூற்றலில் உருளவிடும் வழக்கம் இன்னும் கொடியது. அங்கு எஞ்சினின் துணை சிறிதுமில்லை.

இரண்டாவது விதியும் தப்பவில்லை. வலுக்கூடிய வான் பழைய மொறிஸ் இரண்டாம் கியரில் ஏறிய சரிவை மூன்றாம் கியரில் ஏறுகின்றது. 2004இலிருந்து வெளிவந்த, 'கே.டி.எச்.' என்று நாம் அழைக்கும் ஹையேஸ் போன்றவை மேலும் இலகுவாக ஏறும். ஏறிய கியரிலேயே இறங்கினால் அவை மூன்றாம், நான்காம் கியரில் இறங்கும். டீசல் எஞ்சின் இயல்பாகவே பெரும் தடைகொடுப்பதன்று. அழுத்தப்பட்ட காற்று தான் வாங்கிய ஆற்றலிற் பெரும்பகுதியை முசலம் கீழிறங்கும்போது திருப்பித் தந்துவிடும். பெரிய லொறிகளுக்குப் புகைவழியை அடைக்கும் தனிப் பிறேக்கு வைப்பதும் அதனாலேயே. ஆக, எஞ்சினின் பலவீனத்தை அளவுகோலாகக் கொண்டு எழுந்த விதி, எஞ்சின் பலம் பெற்றபோது பொருளிழந்தது. விதியைச் சொல்லிக்கொடுத்த முதியவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுடைய வாகனம் போய்விட்டது; வாக்கியம் மட்டும் எஞ்சிற்று.

இந்த வான்கள் ஜப்பானிய மொழிக் கையேட்டுடனும் ஜப்பானிய எழுத்துகள் பொறித்த ஒட்டுத்தாள்களுடனும் வந்தன என்பதையும் மறத்தலாகாது. 'எல்' வகை எஞ்சின்களில் வால்வுகளை இயக்கும் தண்டைச் சுழற்றுவது இறப்பர்ப் பட்டியொன்று. ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை அதனை மாற்ற வேண்டும். அதனை நினைவூட்ட முகப்பில் ஒரு விளக்கு எரியும். ஓட்டமானி எத்தனை முறை பின்னோக்கித் திருப்பப்பட்டது என்று அறியப்படாத வானில் அவ்விளக்கின் வாக்கு எவ்வளவு நம்பத்தக்கது? அறுந்தால் வால்வுகள் முசலத்தில் மோதும். முதிய பட்டியுடன், தளர்ந்த வில்சுருளுடன் ஓடும் எஞ்சினுக்கு உற்பத்தியாளர் குறித்த எல்லை பொருந்தாது. 4200ஐ முழு எல்லையாகக் கொள்ளாமல் அதில் ஐந்திலொன்றைக் கழித்து, ஏறத்தாழ 3350இல் நிறுத்துவது தகும் என்பது எமது கருத்து. அவ்வாறு கழித்த பின்னரும் இரண்டாம் கியரில் மணிக்கு 40 கிலோமீற்றர் எல்லைக்குள்ளேயே அமைகின்றது என்பதைக் கவனிக்க. முதிய வானுக்கும் இரண்டாம் கியர் மறுக்கப்படவில்லை. அஞ்சவேண்டிய ஒலி எது, அஞ்சவேண்டாத ஒலி எது என்பதைப் பிரித்தறிய எண் ஒன்று போதும். காதுக்கு அது முடியவில்லை.

2023 சனவரி 20ஆம் நாள் நானுஓயா ரதெல்ல குறுக்குவீதியிற் பேருந்தொன்று வானுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதி எழுவர் உயிரிழந்தனர். பேருந்தின் பிறேக்கு செயலிழந்தமை காரணமாகக் கூறப்பட்டது. அதன் பின்னர் பல நாட்கள் எங்கள் பகுதித் தேநீர்க் கடைகளிலும் வான் தரிப்பிடங்களிலும் பேச்செல்லாம் கியரைப் பற்றியதாகவே இருந்தது. எஞ்சின் உடைந்தாலும் பரவாயில்லை, ஆள் தப்பினாற் போதும் என்றார் ஒருவர். எஞ்சின் உடைந்தால் நடு இறக்கத்தில் எதை நம்புவாய் என்றார் மற்றொருவர். இருவருமே ஓட்டியவர்கள், இருவர் சொல்லிலும் நியாயம் இருந்தது. எஞ்சினைக் காப்பதும் ஆளைக் காப்பதும் இரு வேறு அக்கறைகள் என்று அவர்கள் கருதியதே பிழை. மேலே கண்ட கணக்கில் அவை ஒரே எல்லைக்கோட்டிற் சந்திக்கின்றன.

டிக்கோயாவில் இந்திய உதவியுடன் அமைக்கப்பட்ட 150 கட்டில்களைக் கொண்ட வைத்தியசாலையை 2017 மே 12ஆம் நாள் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்தார். பொகவந்தலாவைத் தோட்டங்களிலிருந்து கடும் நோயாளரும் பிரசவத்துக்குரியோரும் அவ்வழியே கொண்டுசெல்லப்படுகின்றனர். முற்காலத்திற் கொழுந்து ஏற்றும் லொறியிற் கிடத்திச் சென்றனர். இப்போது அவசர நேரத்தில் அயல் லயத்து வானே கைகொடுக்கின்றது. மேற்பிரிவிலிருந்து பிரதான வீதிவரை உள்ள தோட்டத்துப் பாதையே யாவற்றிலும் செங்குத்தானது. அவசரமும் இறக்கமும் முதிய எஞ்சினும் ஒன்றுகூடும் இடம் அது.

எங்கள் பக்கத்தில் ஓய்வுபெற்ற சாரதி ஒருவரின் 'ஷெல்' வான் நிற்கின்றது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுவதற்கு அவருடைய மருமகன் இப்போது அதனை ஓட்டுகின்றார். வேகமானியின் கண்ணாடிமேல் சிவப்பு நகப்பூச்சினால் 20இலும் 40இலும் 65இலும் மூன்று கோடுகள் இடப்பட்டுள்ளன. இளமையில் துரையொருவரின் வொக்ஸ்வாகன் வானில் அத்தகைய குறிகளைக் கண்டதாகவும், இந்த வானை வாங்கிய நாளில் தாமே ஒவ்வொரு கியரிலும் ஓட்டிப் பார்த்து இட்டதாகவும் அவர் சொன்னார். முதலிரு கோடுகளையும் ஆண்டுதோறும் புதுப்பிக்கின்றார். மூன்றாவது பெரும்பாலும் அழிந்துவிட்டது. ஏன் தாத்தா அதனை விட்டுவிட்டீர்கள் என்று கேட்டேன். இந்த வீதியில் அது தேவைப்படுவதில்லை, தம்பி என்றார்.